ஊதியம் பெறுவோர் நாவை விற்றவரா?

"தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, ஹஜ்ரத்! என் மகன் அப்படித்தான் கெட்டுவிட்டான்."

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அந்தப் பெரியவர் இப்படிச் சொல்லிக்கொண்டே என் அருகில் வந்தமர்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருப்பவர். இராஜபாளையத்து நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இராப்பகல் முறை மாறி மாறி உழைத்து, ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் சிறுவனாக என்னிடம் குர்ஆன் ஓதியவன். பட்டம் பெற்று, தேர்வு எழுதி, வெளியூரில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் அலுவலகத்தில் உதவியாளனாக அமர்ந்தபோது அந்தத் தெருவே மகிழ்ந்தது. கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து இந்துச் சகோதரர்கள் கூட வந்து வாழ்த்திச் சென்றனர். மாதச் சம்பளம் என்பது நம் வீடுகளுக்கு எத்துணைப் பெரிய நிழல் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

அந்த நிழலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

மகன் செய்த குற்றம் இதுதான். தன் பெயரிட்டு நாளிதழ் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினான். வளாகத்தைப் பெருக்கும் தற்காலிகப் பணிப்பெண்களுக்கு மூன்று மாதமாகக் கூலி வரவில்லை. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து ஒரு சான்றிதழுக்காக வரும் மாணவர்கள், "நாளை வா" என்று நான்கு முறை திருப்பி அனுப்பப்படுகின்றனர். தேர்தல் வந்தால் தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்குவோம் என்று எல்லாக் கட்சிகளும் வாக்களிக்கின்றன, தேர்தல் முடிந்தால் எல்லாக் கட்சிகளும் மறக்கின்றன. இவ்வளவே கடிதம். அது அச்சில் வந்த பத்தாம் நாள், ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை அவன் மேசைக்கு வந்தது.

"நீங்கள் சொன்னால் கேட்பான். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், ஹஜ்ரத். படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால்தானே சோறு!" என்றார் பெரியவர்.

நானும் அவ்வாறே சொல்லத்தான் அவருடைய வீட்டுக்குச் சென்றேன். இதை மறைப்பதற்கில்லை. ஏழை வீட்டின் அடுப்பை நினைத்தபோது, உரிமை பற்றிய எண்ணமெல்லாம் எனக்கும் இரண்டாவதாகவே தோன்றியது. நான் பேசத் தொடங்கியதும், தேநீர் கொண்டுவந்து வைத்த அந்தப் பையனின் தாயார் ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் எழுதியது பொய்யென்றால் மன்னிப்புக் கேட்கட்டும். மெய்யென்றால் எதற்காக மன்னிப்பு, ஹஜ்ரத்?"

எனக்கு விடை வரவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் தொகுதியிலேயே நிகழ்ந்தது

இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை நினைவுகூருங்கள். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் பெருந்தலைவர் காமராஜர் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் கோவையின் அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு. அப்போது விருதுநகர்ச் செந்திற்குமார நாடார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சி. இலக்குவனார், ஜி.டி. நாயுடுவை வெளிப்படையாக ஆதரித்தார். காமராஜர் வென்றார். பேராசிரியரோ கல்லூரிப் பணியை இழந்தார்.

காமராஜரின் பெருமையை அறியாதார் யார்? ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்த அந்த மாமனிதரை நம் சமுதாயம் என்றும் நன்றியுடன் நினைக்கிறது. அவரை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்பது இங்கே கேள்வியன்று. ஒருவர் தாம் விரும்பிய வேட்பாளரை ஆதரித்ததற்காக அவருடைய வகுப்பறை பறிபோகலாமா என்பதே கேள்வி. வகுப்பறையில் அவர் கற்பித்தது தொல்காப்பியம். அதில் அவருக்குக் குறை இருந்ததாக எவரும் சொன்னதில்லை. பிற்காலத்தில் அத்தொல்காப்பியத்தையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தவர் அவர்.

1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டக் காலத்தில், மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பணியாற்றிய அதே இலக்குவனார், தமிழுரிமைக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் புறப்படத் திட்டமிட்டார், கைது செய்யப்பட்டார், மீண்டும் வேலை போயிற்று. பின்னர் ஐதராபாத்தில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை அவருக்கு இடம் தந்தது. நிஜாம் மன்னர் 1918இல் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம், தமிழுக்காக வேலையிழந்த ஓர் ஆசிரியருக்கு நிழல் தந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியன்றோ!

சட்டம் என்ன சொல்கிறது?

"அரசுச் சம்பளம் வாங்குபவன் பேசக்கூடாது" என்று நம் வீடுகளில் சட்டமே இருப்பதுபோலப் பேசிக்கொள்கிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. ஊழியருக்குத் தடைகள் உண்டு, உரிமைகளும் உண்டு.

தடைகளை முதலில் பார்ப்போம். அரசு ஊழியர் நடத்தை விதிகள், அரசியல் கட்சியில் உறுப்பினராவதையும் தேர்தலில் வாக்குச் சேகரிப்பதையும் தடுக்கின்றன. பல்கலைக்கழகங்கள் தத்தமக்கெனத் தனி விதிகளை வகுத்துக்கொள்கின்றன. அலுவலக இரகசியத்தை வெளியிடுவதும், வேலை நேரத்தில் கட்சி வேலை பார்ப்பதும் எங்கும் குற்றமே. இவற்றில் நியாயம் உண்டு. சான்றிதழ் கேட்டு வரும் மாணவன் எந்தக் கட்சி, எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் வேலை செய்து கொடுக்க வேண்டிய மேசை அது.

ஆனால் மேசைக்கு நடுநிலை வேண்டும் என்பதற்காக மனிதனுக்குக் கருத்தே இருக்கக்கூடாது என்று ஆகிவிடுமா? 1962இல் காமேஷ்வர் பிரசாத் எதிர் பீகார் அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. அரசுப் பணியில் சேர்ந்ததனால் ஒருவர் அடிப்படை உரிமைகளைக் கைவிட்டவராகமாட்டார் என்று கூறி, எல்லா வகை ஆர்ப்பாட்டங்களையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்த விதியைச் செல்லாதென்றது. அதே தீர்ப்பு, வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமையன்று என்றும் சொன்னது. இருபுறமும் எடை போட்ட தீர்ப்பு அது.

அண்மையில், 2020 ஜனவரியில், திரிபுரா உயர் நீதிமன்றம் ஓர் அரசு ஊழியையின் வழக்கை விசாரித்தது. ஓய்வு பெறச் சில நாட்களே இருந்த நிலையில், அரசியல் கூட்டமொன்றுக்குச் சென்றார், முகநூலில் எழுதினார் என்று அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். தலைமை நீதிபதி அகில் குரேஷி அவர்கள், கூட்டத்துக்குச் சென்றிருப்பதாலேயே ஒருவர் கட்சி அரசியலில் ஈடுபட்டவர் ஆகிவிடமாட்டார் என்றும், விதிகளின் எல்லைக்குள் தம் கருத்தைச் சொல்லும் உரிமை அரசு ஊழியருக்கும் உண்டு என்றும் தீர்ப்பளித்தார்.

தேர்தல் நாளில் நாம் காணும் ஒரு காட்சியே இதற்குப் போதிய சான்று. பல்கலைக்கழகங்கள் தேர்தல் பணிக்கு ஆட்களை அனுப்ப வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வாக்குச்சாவடியில் மை வைக்கும் அந்த ஊழியர் அன்று யாருக்கும் சார்பில்லாதவர். ஆயினும் அவருக்கும் ஒரு வாக்கு உண்டு. அஞ்சல் வாக்குச்சீட்டு வழியாகவோ பணிச்சான்று வழியாகவோ அதைச் செலுத்த அரசே ஏற்பாடு செய்கிறது. ஒரே மனிதர், ஒரே தேர்தலில், கடமையில் நடுநிலையாளர். உள்ளத்தில் கருத்துடைய குடிமகன். இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

இன்னொன்றும் பலர் மறந்துவிட்டனர். நம் தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்த காலத்தில், ஆசிரியர்களுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன. மேலவை உறுப்பினரில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. 1986இல் மேலவை கலைக்கப்பட்டது. ஆசிரியனுக்கு அரசியல் கருத்து இருக்கவேண்டும், அது நாட்டுக்குத் தேவை என்று அரசியலமைப்பை இயற்றியோரே கருதினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அஞ்சுவதற்குக் காரணம் உண்டு

சட்டம் இப்படியிருக்க, பெற்றோர் ஏன் அஞ்சுகின்றனர்? வீணாக அஞ்சவில்லை.

கொல்கத்தா ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதலமைச்சர் மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பினார் என்பதற்காக 2012 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். அவர்மீது ஏவப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென்று நீக்கிவிட்டது. ஆனாலும் அவர் வழக்கிலிருந்து முழுதாக விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில்தான். ஒரு சித்திரத்துக்கு ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள்!

நம் சமுதாயத்தவருக்கு இந்த அச்சம் இரட்டிப்பு. அரியானாவின் சோனிபட்டிலுள்ள அசோகா பல்கலைக்கழகத்தின் அரசியல் துறைப் பேராசிரியர் அலீகான் மஹ்மூதாபாத், இராணுவ அதிகாரி கர்னல் சோஃபியா குரைஷியைப் பாராட்டுவோர், கும்பல் வன்முறைக்குப் பலியான எளிய முஸ்லிம்களின் பாதுகாப்பையும் கோர வேண்டும் என்ற கருத்தில் எழுதியதற்காக, 2025 மே 18 அன்று கைது செய்யப்பட்டார். மே 21 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் வழங்கியது. இச்செய்தியைப் படித்த எத்தனை தாய்மார்கள், அன்றிரவே தொலைபேசியில் தம் பிள்ளைகளிடம், "நீ எதையும் எழுதிவிடாதே" என்று சொல்லியிருப்பார்கள்!

அச்சம் இயற்கை. ஆனால் அச்சத்தையே மார்க்கமாக்கிவிடக்கூடாது.

இரண்டு இமாம்கள், இரண்டு வழிகள்

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றை மதரஸாவில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். கூஃபா நகரில் பட்டுத்துணி வணிகம் செய்து, தம் கைப்பொருளில் வாழ்ந்தவர்கள். கலீஃபா மன்சூர் நீதிபதிப் பதவியை ஏற்குமாறு வற்புறுத்தியபோது மறுத்தார்கள். சிறையில் அடைக்கப்பட்டு, ஹிஜ்ரி 150இல் பக்தாதில் இறையடி சேர்ந்தார்கள். அரசின் சம்பளம் தம் நாவைக் கட்டிவிடுமோ என்று அஞ்சிய பேணுதல் அது.

இந்த வரலாற்றைச் சொல்லி, "பார்த்தாயா, சம்பளமும் சத்தியமும் சேராது" என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த இமாமின் தலைமாணாக்கர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் வேறு வழியில் நடந்தார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாகப் பணி ஏற்றார்கள். பதவியில் அமர்ந்துகொண்டே, அந்தக் கலீஃபாவுக்கென 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை எழுதினார்கள். வரி வசூல் பற்றிய அந்நூலின் தொடக்கத்திலேயே, குடிமக்களைப் பற்றி இறைவன் உம்மிடம் கேள்வி கேட்பான் என்று கலீஃபாவை எச்சரிக்கிறார்கள். வரி வசூலிப்போர் மக்களை வதைக்கலாகாது என்று கண்டித்து எழுதுகிறார்கள். சம்பளம் தந்தவரிடமே சத்தியத்தைச் சொன்னார்கள்!

நம் பிள்ளைகளில் பலர் பட்டுக்கடை வைத்திருப்பவர்களல்லர். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவர்கள். அவர்களுக்கு இமாம் அபூயூசுஃபின் வழியே பொருந்தும். ஊதியம் என்பது உழைப்புக்கு விலை. உழைப்பை விற்றவன் மனச்சாட்சியையும் சேர்த்து விற்றவனாகமாட்டான். கொடுங்கோலன் முன்னே சத்தியச் சொல் உரைப்பதை மிகச் சிறந்த ஜிஹாத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, "சம்பளம் வாங்காதவர் மட்டும்" என்று விலக்கு வைக்கவில்லை.

நாவுக்கும் விதி உண்டு

அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் நல்லதைச் சொல்லட்டும், இல்லையேல் மௌனமாக இருக்கட்டும் என்றும் போதித்தார்கள். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறும், ஒருவரையொருவர் பட்டப்பெயரிட்டு இழிவுபடுத்தாதிருக்குமாறும் அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. நடத்தை விதிகள் ஊழியனுக்கு மட்டும். இந்த விதிகள் எல்லா முஸ்லிமுக்கும்.

இவற்றை மனத்தில் கொண்டு, அந்த இளைஞனை அருகில் அமரவைத்து, அவனுடைய கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். "மூன்று மாதக் கூலி" என்று எழுதியிருந்தான். விசாரித்தால், நின்றிருந்தது இரண்டு மாதக் கூலி. மூன்றாம் மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதிகாரி ஒருவரை ஊழியர் தமக்குள் அழைக்கும் பட்டப்பெயரால் குறித்திருந்தான். படிப்போர் சிரிப்பர்; அவர் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களா?

"இவ்விரண்டும் உன் பிழை. இவற்றுக்கு மன்னிப்புக் கேள்" என்றேன்.

"கேட்கிறேன், ஹஜ்ரத். மற்றவற்றுக்கு?"

"மற்றவற்றுக்குச் சான்று இருக்கிறதா?"

"அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் இருக்கிறார்கள். அலுவலகக் கோப்பு எதையும் நான் எடுத்து எழுதவில்லை."

"அப்படியானால் அவற்றில் நில்" என்றேன். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் தலைகுனிந்திருந்தார். தாயார் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவன் ஓர் ஐயம் எழுப்பினான். "வேறு கருத்துள்ள ஊழியர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் உண்டு. நம் சமுதாயத்தைப் பற்றி மனம் நோகப் பேசுவார். அவருக்கும் இதே உரிமை உண்டா, ஹஜ்ரத்?"

இக்கேள்விக்கு விடை சொல்லாதவன் கருத்துரிமை பற்றிப் பேசத் தகுதியற்றவன். அவனுக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர், அரசுப் பணிக்கு வருமுன் ஆர்.எஸ்.எஸ். இயக்கத்திலும் ஜனசங்கத்திலும் ஈடுபட்டிருந்தார் என்ற காவல்துறை அறிக்கையால் வேலை இழந்தார். 1983இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள், ஒருவரின் கடந்தகால அரசியல் நம்பிக்கையைத் தோண்டியெடுத்து அவருடைய வேலையைப் பறிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். அந்த இயக்கத்தின் கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்போடு உடன்பாடு உண்டு. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிட வேண்டாம் என்பது அல்குர்ஆனின் (5:8) கட்டளையன்றோ! அந்த ஊழியர் மேசையில் நம் மாணவனுக்கு வஞ்சனை செய்தால், வன்முறைக்குத் தூண்டினால், அன்று நாம் முறையீடு செய்வோம். கருத்து வேறென்பதற்காக மட்டும் அவர் சோற்றில் கைவைக்க நாம் துணைபோகலாகாது. இன்று அவருக்கு மறுக்கப்படும் உரிமை நாளை நம் பிள்ளைக்கும் மறுக்கப்படும்.

வீடுகளுக்கு ஒரு சொல்

சகோதர சகோதரிகளே! பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியரும் பட்டமளிப்பு விழாவும் மட்டுமல்ல. காலையில் பெருக்கும் பெண், விடுதியில் சமைப்பவர், தொகுப்பூதியத்தில் கோப்பெழுதும் இளைஞர், பேருந்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு சான்றிதழுக்கு வரும் மாணவி, இவர்கள் அனைவரும் சேர்ந்ததே வளாகம். அங்கே நடக்கும் அன்றாட அநீதியை முதலில் காண்பவர் துணைவேந்தர் அல்லர். மேசையில் அமர்ந்திருக்கும் உதவியாளரே. அவர் வாய் மூடிக்கொண்டால், அந்தப் பெண்ணின் இரண்டு மாதக் கூலி எவர் காதுக்கும் எட்டாது.

ஆகவே, பிள்ளைகளைப் பேசாதே என்று வளர்க்காதீர்கள். விசாரித்துப் பேசு, பெயரிட்டு இழிக்காமல் பேசு, முதலில் உரிய அதிகாரியிடம் எழுத்தில் பேசு, கேட்கவில்லையெனில் ஊரறியப் பேசு என்று சொல்லி வளர்த்திடுங்கள். பேசிய பிள்ளைக்குத் துன்பம் வந்தால் முதலில் துணை நிற்பது வீடாக இருக்கட்டும். அடுத்து ஜமாஅத்தாக இருக்கட்டும். குறிப்பாணை வந்தவன் வீட்டுக்கு ஒரு வழக்கறிஞரை அழைத்துச் செல்வதும் ஸதகாவே.

அந்த இளைஞன் விளக்கம் எழுதினான். இரண்டு பிழைகளுக்கும் வருத்தம் தெரிவித்தான். மற்றவற்றில் உறுதியாக நின்றான். ஊர் வழக்கறிஞர் ஒருவர் காசு வாங்காமல் அதைத் திருத்திக் கொடுத்தார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். பட்டப்பெயரால் குறித்த அதிகாரியை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டான். அவர் ஒன்றும் பேசாமல் கைகுலுக்கி அனுப்பினாராம். குறிப்பாணையின்மீது இறுதி ஆணை இன்னும் வரவில்லை. என்னவாகும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் பெருக்கும் பெண்களின் கூலி அடுத்த மாதமே வந்துவிட்டது.

அண்மையில் பெரியவரை ஜும்ஆவுக்குப் பின் கண்டேன். "தவளை தன் வாயால் கெடும் என்றீர்களே?" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"பயம் இன்னும் போகவில்லை, ஹஜ்ரத். ஆனால் தவளை கத்தினால்தானே மழை வரப்போகிறதென்று ஊருக்குத் தெரிகிறது" என்றார்.

சத்தியத்தை அழகிய முறையில் எடுத்துரைக்கும் நாவையும், அதைத் தாங்கி நிற்கும் நெஞ்சுரத்தையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.